ரயில் வந்தால் ஊர் பெருகுமா?

நல்லவாட்டுக்கு ரயில் கிடையாது. தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிக் கடலை நோக்கிப் போனால் வரும் மீனவர் ஊர் அது. வடக்கே புதுச்சேரி ரயில் நிலையம், தெற்கே கடலூர் ரயில் நிலையங்கள். நடுவில் இந்த ஊரும் இதைப் போன்ற இன்னும் பல ஊர்களும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சாலை வழியாக 22 கிலோமீட்டர் சொச்சம்தான். அதே பயணத்தை ரயிலில் செய்ய வேண்டுமென்றால் மேற்கே விழுப்புரம் வரை போய், அங்கே வண்டி மாறி, மறுபடி கிழக்கே திரும்ப வேண்டும். 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். இந்தக் குறையைத் தீர்க்கும் என்று சொல்லப்படுவதுதான் சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு வரவேண்டிய கடலோர ரயில் பாதை. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் திட்டம் ரயில்வே பட்ஜெட்டில் இடம்பிடித்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. பல ஆண்டுகள் அதற்குப் பெயருக்கு ஒரு தொகை ஒதுக்கியதோடு சரி. தேர்தல் நெருங்கும்போது மட்டும் அது மேடைக்கு வருகிறது. மேடையில் அதற்குச் சொல்லப்படும் நியாயம் எப்போதும் ஒன்றுதான்: ரயில் வந்தால் ஊர் வளரும், ஜனம் பெருகும். அந்தக் கோரிக்கையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அந்த நியாயத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. புதுச்சேரியின் ரயில் வரலாறும் மக்கள்தொகைக் கணக்கும் வேறு கதை சொல்கின்றன.

இந்தப் பகுதியில் கிராமப்புற ரயில் ஊர் என்று சொல்லத்தக்கது வில்லியனூர். பழைய ஊர். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள திருக்காமீஸ்வரர் கோயில், பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் என்று ரயிலுக்கு வெகுகாலம் முன்பே அதற்கென்று ஒரு பெயர் இருந்தது. 1783-ஆம் ஆண்டு வெர்சாய் ஒப்பந்தத்தில் பிரிட்டன் புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டபோது, அதோடு சேர்த்துத் தரப்பட வேண்டிய நிலப்பகுதிகளாகப் பெயர் குறிப்பிடப்பட்டவை வில்லியனூரும் பாகூரும்தான். கடற்கரையில் இருந்த ஒரு துறைமுகப் பட்டணத்துக்குச் சோறு போடவும் வரி தரவும் இந்த இரண்டு வட்டாரங்களும் தேவைப்பட்டன. 1879 டிசம்பரில் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டபோது வில்லியனூருக்கு ஒரு நிலையம் கிடைத்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த பாதை சுமார் எட்டு மைல் நீளம்தான். அது புதுச்சேரி ரயில்வே கம்பெனிக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. மறு ஆண்டே, 1880-இல், பிரெஞ்சு அரசு தன் ஆட்சிப் பகுதிகளைக் கொம்யூன்களாகப் பிரித்தது. வில்லியனூரும் பாகூரும் தனித்தனிக் கொம்யூன்கள் ஆயின. ஒன்றுக்கு ரயில் உண்டு, மற்றதற்கு இல்லை.

அந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, புதுச்சேரிக் கடற்பாலத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி, மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. உள்நாட்டில் விளைந்ததைத் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாதையின் முதல் வேலை. வில்லியனூர் அந்த வழியில் இருந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1850-களில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதையோடு தொடர்புடைய நிலக்காரர்கள், வெறும் புல்வெளியில் நிலையத்தை முதலில் குறித்து, அதைச் சுற்றி ஒரே வரைபடத்தில் வீதிகளை அளந்து, மனைகளை விற்றார்கள். ஊரே ரயிலுக்குப் பிறந்தது. அப்படிப் பிறந்த ஊர்களின் மக்கள்தொகையை ரயிலின் வரவு செலவோடு சேர்த்துப் படிப்பதில் நியாயம் இருக்கிறது. நெடுஞ்சாலைகள் வந்தபின் அந்தச் சமவெளியில் எத்தனையோ சிற்றூர்கள் தேய்ந்தும் போயின. நம்முடைய ஊர்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஏரியும் கோயிலும் குப்பமும் வைத்து ஆயிரம் ஆண்டு வாழ்ந்த ஊர்களின் ஓரத்தில் ரயில் வந்து நின்றது. அந்த அமெரிக்க அனுபவத்தை இங்கே தூக்கிவந்து, நிலையம் வைத்தால் நகரம் முளைக்கும் என்று பேசுவதில் பொருளில்லை.

ரயிலின் பொற்காலம் என்று சொல்லப்படும் அரை நூற்றாண்டை எடுத்துக்கொள்வோம். பேருந்தும் லாரியும் இன்னும் ஆதிக்கம் பெறாத காலம். காரைக்காலுக்கும் 1898-இல் பேரளத்திலிருந்து ரயில் வந்துவிட்டது. இன்றைய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் அடங்கும் பகுதிகளில் 1901-இல் 2,46,354 பேர் இருந்தார்கள். 1951-இல் 3,17,253 பேர். ஐம்பது ஆண்டுகளில் 29 சதவீத வளர்ச்சி. அதே ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவின் மக்கள்தொகை சுமார் 24 கோடியிலிருந்து 36 கோடியாக, அதாவது 50 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. ரயில் இருந்தும் புதுச்சேரி பின்தங்கியது. 1911-க்கும் 1921-க்கும் இடையே 13,000 பேர் குறைந்தே போனார்கள். விஷக்காய்ச்சல் நாடெங்கும் கொள்ளைகொண்ட பத்தாண்டு அது. ஆனால் நாட்டின் மொத்த எண்ணிக்கை அப்போது ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. இங்கே ஐந்து சதவீதம் குறைந்தது. பிழைப்புக்காக இந்தோசீனாவுக்கும் மற்றக் காலனிகளுக்கும் போனவர்கள் ஏராளம். ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே பாதை ஆளை வெளியே கொண்டுபோகவும் செய்யும் என்பதை ரயில் கேட்கும் எவரும் மறக்கக் கூடாது. 1908-இல் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். பிரிட்டிஷ் வாரன்ட் செல்லாத ஊரைத் தேடி வந்தவர்கள் இன்னும் சிலர். அவர்களால் புதுச்சேரிக்குக் கிடைத்த பெருமை பெரிது. ஆனால் அவர்களை இங்கே இழுத்தது எல்லைக்கோடு.

அந்த எல்லைக்கோடு ரயிலை எப்படி நடத்தியது என்பதும் இந்தக் கணக்கில் சேரவேண்டியதே. நாடு விடுதலை அடைந்தபின் 1949-இல், பிரெஞ்சு அரசோடு இருந்த சுங்க ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றி இந்தியா சுங்கக் காவல் போட்டது. துண்டு துண்டாகக் கிடந்த கொம்யூன்களில் வயல் ஒருபக்கம், வீடு ஒருபக்கம் என்று வாழ்ந்த மக்கள், பக்கத்து ஊருக்குப் போகவே சோதனைக்கு நிற்க வேண்டியிருந்தது. தண்டவாளம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதில் பொருள் போவதும் ஆள் போவதும் சுங்கச்சாவடியின் கையில். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. அதற்குப் பிறகுதான் மக்கள்தொகை நிஜமாகவே துள்ளுகிறது. 1961-இல் 3,69,079, 2011-இல் 12,47,953. ஐம்பதாண்டில் மூன்று மடங்குக்கு மேல். இந்த ஐம்பது ஆண்டுகளில் புதுச்சேரிக்குப் புதிதாக ஒரு ரயில் பாதை வந்ததா? இல்லை. 1879-இல் போட்ட அதே ஒற்றைக் கிளைப்பாதைதான், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப்பாதையாக மாறியது.

இதைவிட வலுவான சான்று ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஒரே அரசின் கீழ் நான்கு பகுதிகளைக் கொண்டது. சட்டமன்றம் ஒன்று, பட்ஜெட் ஒன்று, வரிக்கொள்கை ஒன்று. ஆனால் ரயில் விஷயத்தில் நான்குக்கும் நான்கு தலையெழுத்து. மாஹே, ஷொரணூரிலிருந்து மங்களூர் செல்லும் முக்கியப் பாதையில் இருக்கிறது. புதுச்சேரிக்கு ஒரு கிளைப்பாதை. வந்த வண்டி அதே வழியில் திரும்ப வேண்டும். காரைக்கால், 1898-இல் பெற்ற ரயிலை 1980-களில் இழந்தது. தண்டவாளமே பெயர்த்தெடுக்கப்பட்டது, நாகூர் வழியாக மறுபடி ரயில் வர 2011 ஆயிற்று. ஏனாமுக்கு ரயிலே இல்லை. இனி 1981, 2011 கணக்கெடுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முக்கியப் பாதையில் உள்ள மாஹே 28,413-இலிருந்து 41,816-க்கு வந்தது. ஒன்றரை மடங்குகூட இல்லை. ரயிலை இழந்த காரைக்கால் 1,20,010-இலிருந்து 2,00,222. ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. கிளைப்பாதை உள்ள புதுச்சேரி 4,44,417-இலிருந்து 9,50,289; இரண்டு மடங்குக்கு மேல். ரயிலையே காணாத ஏனாம் 11,631-இலிருந்து 55,626. ஏறத்தாழ ஐந்து மடங்கு. நல்ல ரயில் வசதி உள்ள பகுதி கடைசியிலும், ரயிலே இல்லாத பகுதி முதலிலும் நிற்கின்றன.

இதை வைத்து, ரயில் இருந்ததால்தான் மாஹே வளரவில்லை என்று சொன்னால் அது அபத்தம். ஒன்பது சதுர கிலோமீட்டருக்குள் நாற்பதாயிரம் பேர் நெருக்கியடித்து வாழும் ஊரில் இன்னும் ஆள் வர இடம் எங்கே? தவிர, சுற்றிலும் கேரளம். பிறப்பு விகிதம் நாட்டிலேயே முதலில் இறங்கிய மாநிலம். ஏனாம் சிறிய எண்ணிக்கையில் தொடங்கியதால் மடங்குக் கணக்கு பெரிதாகத் தெரிகிறது என்பதும் சரி. ஆனால் அங்கே நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது மடங்குக் கணக்கை நம்பி நிற்கும் விஷயமில்லை. பக்கத்து ஆந்திரத்தைவிடக் குறைந்த வரி, பொட்டலம்போல் சிறிய தொகுதிக்குக் கிடைத்த தாராளமான நலத்திட்டங்கள், 1980-களில் வந்த டைல்ஸ் தொழிற்சாலை ஆகியவற்றைத் தேடி மக்கள் போனார்கள். புதுச்சேரிப் பகுதியிலும் அப்படியே. ஜிப்மர், தொழிற்பேட்டைகள், கல்லூரிகள், அரசு வேலை, தமிழ்நாட்டைவிடக் குறைவாக இருந்த விற்பனை வரி: இவைதான் ஆளை இழுத்தன. வில்லியனூர் இன்று வீட்டு மனைகளால் நிரம்பி நிற்பதற்குக் காரணம், அது நகரத்துக்கு அருகில், விழுப்புரம் நெடுஞ்சாலையில் இருப்பது. நகரத்தில் இடம் போதாமல் மேற்கே நகர்ந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். பகுதி முழுவதற்குமான கணக்கு, நல்லவாட்டையும் வில்லியனூரையும் தனித்துக் காட்டாது என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். ஆனாலும் ரயிலுக்கு ஜனத்தை இழுக்கும் சக்தி மேடையில் சொல்லும் அளவுக்கு இருந்திருந்தால், முப்பதாண்டுக் கணக்கில் அதன் சாயலாவது தெரிந்திருக்க வேண்டும்.

விழுப்புரத்தைக் காட்டி மறுப்பவர்கள் இருக்கிறார்கள். ரயில்தானே விழுப்புரத்தை விழுப்புரமாக்கியது என்று கேட்பார்கள். உண்மை. ஜோலார்பேட்டையையும் அரக்கோணத்தையும்கூட அந்த வரிசையில் சேர்க்கலாம். ஆனால் விழுப்புரம் ஐந்து திசைப் பாதைகள் கூடும் ஜங்ஷன்: சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி. ஜங்ஷன் என்றால் வண்டி மாறும் கூட்டம், கார்டுகளும் டிரைவர்களும் தங்கும் குடியிருப்பு, லோகோ ஷெட், அதைச் சுற்றி ஓட்டலும் கடையும் என்று ஒரு நகரமே தேவைப்படும். வழியில் இரண்டு நிமிடம் வண்டி நிற்கும் நிலையத்துக்கு இவற்றில் எதுவும் வராது. அந்த விழுப்புரம் நகரத்திலும் 2011-இல் இருந்தவர்கள் ஏறத்தாழ 96,000 பேர்தான். அதுவும் 1993-இல் மாவட்டத் தலைநகரான பிறகு கிடைத்த கலெக்டர் ஆபீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து. கடலோரப் பாதை வந்தாலும் தவளக்குப்பமோ பாகூரோ ஜங்ஷன் ஆகப்போவதில்லை.

அப்படியானால் நல்லவாட்டுக்கு ரயில் எதற்கு? அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. நடுநாயகமான மையம் வில்லியனூரில். அங்கிருந்து கம்பியில்லா இணைப்பு வழியாக மற்றக் கிராமங்களுக்குச் செய்தி போகும். கடலோர ஊர்களில் அலையின் உயரம், காற்றின் வேகம் முதலியவற்றை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். நல்லவாடும் அந்த வலையில் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து, அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் கரையைவிட்டு ஓடச் சொன்னார்கள். யூனியன் பிரதேசத்தில் சுமார் 600 பேரைச் சுனாமி கொண்டுபோன அன்று, நல்லவாட்டில் ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள். வீடுகளும் கட்டுமரங்களும் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். ரயில் ஊரான வில்லியனூரையும் ரயில் இல்லாத நல்லவாட்டையும் சேர்த்துக் கட்டியது தினந்தோறும் தவறாமல் வந்த ஒரு சின்ன அறிவிப்பு. அலை உயரத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால்தான், அன்று அந்தக் குரலை ஊர் நம்பியது. ஓர் இணைப்பு தினமும் கைக்கு எட்டும்படி இருந்தால்தான் அது ஊரைக் காக்கும்.

அந்த அளவுகோலை ரயிலுக்கும் வைக்க வேண்டும். கரையில் படகு ஏறியதும் ஏலம் நடக்கும். ஏலத்தில் எடுத்த நெத்திலியையும் சங்கராவையும் அன்னக்கூடையில் போட்டு, மேலே ஐஸைத் தூவி, ஈரத்துணியால் மூடிக்கொண்டு பெண்கள் சாலைக்கு வருவார்கள். அந்த மீனுக்கு நேரம் கிடையாது. வெயில் ஏற ஏற விலை இறங்கும். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அன்றைய லாபத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பேருந்தில் ஏறினால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட செய்தி தமிழ்நாட்டையே தலைகுனிய வைத்தது. சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் வியாபாரிகளுக்கென்றே தனிப் பெட்டி இருக்கிறது. கூடையோடு ஏறலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு நிலையம், அதில் ஏலம் முடிந்த அரைமணி நேரத்தில் ஒரு பாசஞ்சர் வண்டி, அதில் ஒரு வியாபாரிப் பெட்டி என்று இருந்தால் அந்தப் பெண்களின் நாள் மாறிவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் படிக்கும் பிள்ளைகள், ஜிப்மருக்குப் போகும் நோயாளிகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதுவே பொருந்தும். இதனால் ஊரின் மக்கள்தொகை கூடாது. ஊரைவிட்டுப் போகாமலே வேலைக்குப் போய்வர முடியும் என்பதால் இருக்கிறவர்கள் நிலைப்பார்கள். எனக்கு அது போதுமான காரணம்.

ஜனம் பெருகும் என்ற வாதத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அப்படிப் பேசத் தொடங்கியதும் முதலில் காதில் வாங்குகிறவர்கள் மனை வியாபாரிகள். பாதை வருமுன்பே நிலத்தின் விலை ஏறும். கடற்கரையோரம் ரிசார்ட்டுகளுக்குப் போகும். பாகூர் ஏரிப் பாசன வயல்கள் பிளாட்டுகளாகும். கடைசியில் கணக்கெடுப்பில் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் பழைய ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்பது தெரியாது. கடலோரப் பாதை அதிவிரைவு வண்டிகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நிலம் நம்முடையதாக இருக்கும், இரைச்சல் நமக்கிருக்கும், வண்டி சென்னைக்காரருக்கும் சுற்றுலா வருகிறவருக்கும் போகும். மல்லாட்டைக் காலத்தில் வில்லியனூர் பார்த்துக்கொண்டு நின்றதைப்போல நல்லவாடும் பார்த்துக்கொண்டு நிற்கும்.

2021-இல் நடக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து நடக்க இருக்கிறது. புதிய எண்கள் வந்ததும் மேடைப் பேச்சுகளுக்குப் புதிய தீனி கிடைக்கும். பாகூர், அரியாங்குப்பம், வில்லியனூர் கொம்யூன்களின் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயில் கொண்டுவருவோம் என்று வாக்கு கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: நம்ம ஊர்ப் பக்கம் நிலையம் எங்கே வரும், காலை வண்டி எத்தனை மணிக்கு நிற்கும், மீன் கூடையோடு அதில் ஏற முடியுமா? பதில் எழுத்தில் கிடைக்கும்வரை விடாதீர்கள்.